ஏப்ரல் 14 விடுமுறை சரி, பிசிஆர் கேஸ்கள் ஏன் நிலைப்பதில்லை?

அம்பேத்கர் பிறந்தநாளில் கேட்க வேண்டிய கேள்விதான். சட்டம் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976-ல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (ஆங்கிலச் சுருக்கம் பிசிஆர்) ஆனது. ஊர்வழக்கில் இன்றும் 'பிசிஆர் கேஸ்' என்றாலும், பெரும்பாலும் வழக்கு பதிவாவது பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணை, கைதுக்கு முன்அனுமதி என்று தடை போட்டு அதன் பல்லைப் பிடுங்கியது. நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்து மீட்டது. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை, கைதுக்கு மேலதிகாரியின் அனுமதியும் தேவையில்லை.

ஆனால் வழக்கு சாவது முதல் வாரத்தில், காவல் நிலையத்திலேயே. புகாரை வாங்கி, எஃப்ஐஆர் போடாமல், புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி, அதை வைத்தே சமாதானம் பேசுவார்கள். என்னைக் கேட்டால், இன்றைய தீண்டாமையின் வலுவான அரண் இந்தக் கட்டப்பஞ்சாயத்துதான்.

அடுத்த ஓட்டை புகாரின் வாசகம். "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. இழிவுபடுத்துவது, சாதிப்பெயரால் திட்டுவது பற்றிய வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகளுக்குச் சம்பவம் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வீட்டுக்குள், வெளியாள் யாருமின்றி நடந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே டீக்கடை வாசலா, தெருக்குழாயடியா, எத்தனை மணி, சொன்ன வார்த்தை என்ன, குடும்பத்தார் தவிர யார் கேட்டார்கள் என எல்லாம் வேண்டும். இரு தரப்பின் சாதியையும், உங்கள் சாதி அவருக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதுங்கள். அசிங்கமான வார்த்தை என்று கூசி விடாதீர்கள், அதுவே சாட்சியம்.

வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், எஃப்ஐஆர் நகலை உடனே தர வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 4-வது பிரிவு. விசாரிப்பவர் டிஎஸ்பிக்குக் குறையக் கூடாது. 60 நாளில் குற்றப்பத்திரிகை. கடமை தவறும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் அதற்குத் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும். சகாவை சகாவே மாட்டிவிட வேண்டிய ஏற்பாடு என்பதால் இந்தப் பிரிவு தூங்குகிறது. இதைத் திருத்தாமல் மற்றதைக் கடுமையாக்கிப் பயனில்லை.

நிலையம் மறுத்தால் எஸ்பிக்கு ஸ்பீடு போஸ்டில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறப்பு நீதிமன்றம். வழக்கு பதிவான பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் (15ஏ பிரிவு). அறிவிப்பே இல்லாமல் ஜாமீன் கொடுத்திருந்தால், அதை ரத்து செய்யக் கோர அந்த ஒரு காரணமே வலுவானது.