சிமுலேட்டர் வானில் நிஜமான விமானப் போக்குவரத்து: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

வாசகர் கேள்வி: வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். பெரிய விமான நிலையங்களில்கூட நிறுத்துமிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. வருகிற சில விமானங்களும் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் வெறும் வெள்ளையாக இருக்கின்றன. இதைச் சரிசெய்யப் பல கூடுதல் மென்பொருள்கள் இருப்பதாக அறிகிறேன். எல்லாவற்றையும் நிறுவ வேண்டுமா, ஒன்று போதுமா? இரவில்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் காலைநேரப் பயணங்களையே விரும்புகிறேன். இவற்றால் கணினியின் வேகம் குறையுமா?

பதில்: ஒன்று போதும். அது மட்டுமன்று, விமானங்களை வானில் இறக்கிவிடும் மென்பொருள் ஒரே நேரத்தில் ஒன்றுதான் இயங்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான விடையும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவில் அமர்ந்து காலைப் பயணம் செய்கிறேன் என்று நீங்கள் சொல்வதால், உங்கள் வானம் இந்த நிமிடத்து நிஜ உலகின் கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டுமா, சிமுலேட்டரில் நீங்கள் வைக்கும் கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கும்.

சிமுலேட்டரில் தெரியும் பிற விமானங்களுக்குப் பின்னால் தனித்தனியான மூன்று வேலைகள் நடக்கின்றன. விமானத்தின் உருவத்தையும் நிறுவன வண்ணத்தையும் தருவது மாதிரித் தொகுப்பு. எந்த விமானம், எங்கிருந்து எங்கே, எப்போது என்று சொல்வது தரவு. அந்த விமானத்தைச் சிமுலேட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் நிரல் இன்ஜெக்டர். பயனர்களுக்கு ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே பொருளாக எண்ணிக்கொள்வதாலேயே வருகின்றன. இரண்டு மாதிரித் தொகுப்புகள் ஒரே கணினியில் இருப்பதால் தீங்கில்லை. இரண்டு இன்ஜெக்டர்கள் இயங்கினாலோ, ஒரே கேட்டில் (முனையத்தை ஒட்டிய நிறுத்துமிடத்தில்) ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு விமானங்கள் நிற்பதைக் காண்பீர்கள். சிமுலேட்டரின் சொந்தப் போக்குவரத்தை அணைக்காமல் இன்ஜெக்டரை இயக்கினாலும் விளைவு இதுவே.

முதல் வழி நேரலைத் தரவு. நிஜ விமானங்கள் ஏ.டி.எஸ்.-பி. என்ற முறையில் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் அழைப்புப் பெயரையும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தாமாகவே ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. இருப்பிடத் தகவல் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை வெளியாகிறது. உலகெங்கும் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் வைத்திருக்கும் ஏற்பிகள் அவற்றைப் பெற்று இணையத்தில் சேர்க்கின்றன. ஆனால் இந்த அலை நேர்கோட்டில் செல்வது. 35,000 அடியில் பறக்கும் விமானத்தைத் தரையிலுள்ள ஏற்பி சுமார் 400 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கலாம். அதே விமானம் தரையிறங்கி ஒரு முனையக் கட்டடத்தின் பின்னால் சென்றுவிட்டால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏற்பிக்கும் அது கேட்காது. நடுக்கடலில் தரை ஏற்பிகளே இல்லை. கேட்டில் நிற்கும் விமானமோ பெரும்பாலும் இந்தத் தகவலை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரையே அணைத்திருக்கும். ஆகவே வானில் நெரிசலாகவும் தரையில் வெறிச்சோடியும் இருப்பது நேரலைத் தரவின் இயல்பு. உங்கள் நிறுவலில் ஏதோ பிழை என்று எண்ண வேண்டாம். நல்ல இன்ஜெக்டர்கள் நிறுத்துமிடங்களைத் தாமாக நிரப்பி, தரையிறங்கிய விமானத்தைச் சிமுலேட்டரின் தானியங்கி ஓட்டத்திடம் ஒப்படைத்து, இந்தக் குறையை ஓரளவு மறைக்கின்றன.

நேரலையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ள வேண்டும்: சிமுலேட்டரின் நேரம் இப்போதைய நேரமாகவும், வானிலை நேரலை வானிலையாகவும் இருக்க வேண்டும். விமானங்கள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்குகின்றன, ஏறுகின்றன. எனவே எந்த ஓடுபாதை, எந்தத் திசை என்பதைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. நீங்கள் தெளிந்த வானம் என்ற ஆயத்த வானிலையை வைத்து மேற்கு நோக்கிப் புறப்பட ஆயத்தமாகும்போது, அன்று நிஜத்தில் கிழக்கு நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் விமானங்கள் உங்கள் முகத்துக்கு நேராக வந்து இறங்கும். நேரலைப் போக்குவரத்து முட்டாள்தனமாக நடந்துகொள்கிறது என்று பலரும் முறையிடுகிறார்கள். அத்தகைய முறையீடுகளில் நான் முதலில் சரிபார்க்கச் சொல்வது வானிலை அமைப்பைத்தான்.

வானிலையோடு சேர்ந்த இன்னொரு நுட்பமும் உண்டு. ஏ.டி.எஸ்.-பி. வழக்கமாகத் தரும் உயரம் உண்மையான உயரம் அன்று, 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நியம அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட அழுத்த உயரம். ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு தாழ்ந்த உயரங்களில் ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். அன்றைய அழுத்தம் 1003 ஆக இருந்தால், திருத்தம் செய்யாத மென்பொருள் தரையிறங்கும் விமானத்தை 270 அடி மேலே காட்டும். ஓடுபாதைக்கு மேலே அது அந்தரத்தில் மிதந்து செல்லும். அழுத்தம் உயர்ந்த நாளிலோ தரைக்குள் புதைந்துவிடும். மென்பொருள்கள் வானிலைத் தரவைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்கின்றன. மிதக்கும் விமானங்களைக் கண்டால் மாதிரித் தொகுப்பை அழித்து மீண்டும் நிறுவுவதில் பயனில்லை; உயரத் திருத்தம் எந்த வானிலையை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பாருங்கள்.

இரண்டாவது வழி கால அட்டவணை. விமான நிறுவனங்களின் வாராந்தர அட்டவணையைப் பயணத் திட்டக் கோப்புகளாக மாற்றி, சிமுலேட்டரின் கடிகாரத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப விமானங்களை இயக்குவது இந்த முறை. ஆல்ஃபா இந்தியா குழு, சுருக்கமாக ஏ.ஐ.ஜி., இத்துறையில் பல ஆண்டுகளாக இலவசமாகச் செய்துவரும் பணி மிகப் பெரியது. அவர்களின் தொகுப்பில் நிறுவனவாரியாக மாதிரிகளும் அட்டவணைகளும் கிடைக்கின்றன. கட்டணம் செலுத்தி வாங்க விரும்புவோருக்கு ஜஸ்ட் ஃபிளைட் நிறுவனத்தின் எஃப்.எஸ். டிராஃபிக் இருக்கிறது. அட்டவணை முறையில் உலகின் எல்லா விமானங்களும் குறித்த நேரத்தில் வரும்; தாமதமும் ரத்தும் கிடையாது. அது நிஜத்திலிருந்து ஒரு விலகல்தான். அதற்கு ஈடாக, எந்த இரவிலும் காலை ஏழு மணியின் புறப்பாட்டு நெரிசல் உங்களுக்குக் கிடைக்கிறது, நிறுத்துமிடங்களும் நிறைந்திருக்கின்றன.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது வழியையே. நேரலையின் உயிர்ப்பையும் விட மனமில்லையென்றால், உங்கள் இரவு நேரத்தில் எங்கே காலை நிலவுகிறதோ அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பறக்கலாம். அப்போது நேரம், வானிலை, போக்குவரத்து மூன்றும் பொருந்திவிடும்.

இனி வெள்ளை விமானங்களைப் பார்ப்போம். தரவிலிருந்து சிமுலேட்டருக்குக் கிடைப்பது சில எழுத்துகள்தான்: நிறுவனத்துக்கான மூன்றெழுத்துக் குறியீடு, விமான வகைக்கான குறியீடு. போயிங் 737-800 என்றால் பி738, ஏ320 நியோ என்றால் ஏ20என் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த குறியீடுகள் இவை. இந்த இரண்டையும் உங்கள் கணினியிலுள்ள மாதிரிகளோடு பொருத்திப் பார்த்து, சரியானது கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் அதே வகையின் பொதுவான வெள்ளை மாதிரியையும் மென்பொருள் எடுக்கிறது. எனவே வெள்ளை விமானம் என்பது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் லிவரி, அதாவது வண்ணப்பூச்சு, உங்களிடம் இல்லை என்பதன் அறிகுறி. எஃப்.எஸ்.எல்.டி.எல். என்ற இலவசத் தொகுப்பு இதற்காகவே உருவானது. அதன் மாதிரிகளை மட்டும் நிறுவி, சிமுலேட்டரின் சொந்த நேரலைப் போக்குவரத்தோடு பயன்படுத்தவும் முடியும். அமைப்புகளில் பொது மாதிரிகளைப் பயன்படுத்துக என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால், எத்தனை லிவரிகளை நிறுவினாலும் ஒன்றும் தெரியாது. எனவே அதை அணைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

அட்டவணை முறையில் ஏ.ஐ.ஜி.யை நிறுவும்போது எல்லா நிறுவனங்களையும் ஒரேயடியாகத் தெரிவு செய்ய வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் பகுதியின் பெரிய நிறுவனங்களையும், அங்கு வந்துபோகும் நெடுந்தூர நிறுவனங்களையும் முதலில் நிறுவி, ஒரு விமான நிலையத்தில் நின்று பாருங்கள். சரக்கு நிறுவனங்களை மறக்க வேண்டாம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் நிலையத்தை உயிரோடு வைத்திருப்பவை அவையே. அதன்பின் சிமுலேட்டரின் போக்குவரத்து அமைப்பில் விமானப் போக்குவரத்தை முற்றிலும் அணைத்து, விமான நிலைய அமைப்பில் நிறுத்தப்பட்ட விமானங்களின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, பிறகு ஏ.ஐ.ஜி.யின் டிராஃபிக் கண்ட்ரோலரை இயக்குங்கள். நேரத்தையும் தேதியையும் பயணத்தைத் தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள். நடுவில் கடிகாரத்தை நகர்த்தினால் அட்டவணைக்கும் வானில் இருப்பவற்றுக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடும். கிழமையும் முக்கியம், ஏனெனில் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே இயங்கும் நெடுந்தூரச் சேவைகள் ஏராளம்.

வேகம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஒவ்வொரு கூடுதல் விமானமும் முதலில் சுமையேற்றுவது செயலியின் ஒரே ஓர் இழை (வரிசையாக நடக்கும் பணித்தொடர்) மீதுதான். சிமுலேட்டரின் மேம்பாட்டாளர் பயன்முறையில் ஃபிரேம் அளவியைத் திறந்தால், மெயின் த்ரெட் என்று அது காட்டும் இடம் அதுவே. அங்கே தடை ஏற்பட்ட பிறகு, எவ்வளவு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை இருந்தாலும் பயனில்லை. நெரிசலான ஒரு நிலையத்தில் போக்குவரத்தை அணைத்து ஃபிரேம் எண்ணை (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்பதை) குறித்துக்கொண்டு, பிறகு இயக்கி மீண்டும் குறியுங்கள். இழப்பு தாங்க முடியாததாக இருந்தால், நிறுத்தப்பட்ட விமானங்களைக் குறைப்பதற்கு முன்னால் சுற்றெல்லையை, அதாவது உங்களைச் சுற்றி எவ்வளவு தொலைவு வரை விமானங்கள் உருவாக்கப்படுகின்றன என்பதை, குறையுங்கள். நீங்கள் ஒருபோதும் காணப்போகாத தொலைதூர விமானங்களுக்காகக் கணினி உழைக்க வேண்டியதில்லை. நீங்கள் ஓட்டுவதற்காக வாங்கிய விரிவான விமானத்தைப் போக்குவரத்து மாதிரியாகப் பயன்படுத்துவதை மட்டும் அறவே தவிருங்கள். போக்குவரத்துக்கென்றே செய்த மாதிரிகளில் விமானி அறையின் நுணுக்கங்கள் இருக்காது. தொலைவு கூடக் கூட உருவமும் எளிமையாகிவிடும். சுமை குறைவதன் காரணம் இதுதான்.

எண்ணிக்கையைக் குறைப்பதற்கு வேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அதையே நான் வலியுறுத்துவேன். உலகின் நெரிசல் மிகுந்த நிலையங்களில் ஓர் ஓடுபாதையில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது. அந்த நுட்பமான இடைவெளியை மனிதக் கட்டுப்பாட்டாளர்கள் வேகத்தையும் பாதையையும் திருத்தித் திருத்திப் பராமரிக்கிறார்கள். சிமுலேட்டரின் கட்டுப்பாட்டுக்கு அந்தத் திறமை இல்லை. இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு மெதுவாக வெளியேற, பின்னால் வருவது இறங்காமல் மேலேறிச் சுற்ற, அதுவும் மீண்டும் வரிசையில் சேர, நெரிசல் வளர்ந்துகொண்டே போகும். நிஜ நிலையத்தின் முழு எண்ணிக்கையைக் கொண்டுவந்தால் கிடைப்பது நிஜத்துக்கு எதிரானதே. வருகைகளை மட்டும் குறைத்து, நிறுத்துமிடங்களை நிறைவாக விட்டால் கண்ணுக்கு நிறைவும் இருக்கும், ஓடுபாதையும் இயங்கும்.

எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டரைப் பயன்படுத்துவோருக்கும் இந்த அடிப்படைகள் பொருந்தும். அதன் சொந்தப் பிற விமானங்கள் ஒவ்வொன்றும் முழு இயற்பியல் கணக்கோடு பறப்பதால் சிலவற்றுக்கு மேல் கணினி தாங்காது. லைவ் டிராஃபிக் என்ற இலவசச் செருகுநிரல் அந்தக் கணக்கைத் தவிர்த்து, தரவு சொல்லும் இடத்தில் உருவத்தை மட்டும் வரைகிறது. ஆகவே பல மடங்கு விமானங்கள் சாத்தியமாகின்றன. மோதல் தவிர்ப்புத் திரையில் 63 வரை தெரியும். அந்தத் திரைக்கான கட்டுப்பாட்டை ஒரு நேரத்தில் ஒரே செருகுநிரல்தான் வைத்திருக்க முடியும் என்பதால், அங்கும் ஒன்றுக்கு மேல் இயக்கக் கூடாது. 2006-ல் வந்த மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸ். பயன்படுத்துவோர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: முந்தைய 2004 பதிப்பின் வடிவிலான போக்குவரத்துக் கோப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும், புதிய வடிவிலான கோப்புகள் அனைத்தும் செயலிழந்துவிடும். வானம் திடீரென்று காலியானால் அந்தக் கோப்பைத் தேடுங்கள்.

வாட்சிம், ஐ.வி.ஏ.ஓ. போன்ற, இணையத்தில் பலர் சேர்ந்து பறக்கும் வலையமைப்புகளில் பறக்கும்போது எல்லா இன்ஜெக்டர்களையும் அணைத்துவிடுங்கள். அங்கே பிற விமானங்களை ஓட்டுபவர்களும் கட்டுப்பாட்டாளர்களும் மனிதர்கள். உங்கள் கணினி உருவாக்கிய விமானம் அவர்களுக்குத் தெரியாது. ஓடுபாதையில் அவர்கள் காணாத ஒன்றுக்காக நீங்கள் காத்திருந்தால் அவர்களின் வரிசை முழுவதும் குலையும். மாதிரித் தொகுப்பை மட்டும் அப்படியே வைத்து, பொருத்த விதிக் கோப்பை (எந்தக் குறியீட்டுக்கு எந்த மாதிரி என்று சொல்வதை) உங்கள் இணைப்பு மென்பொருளில் சேர்த்தால், அந்த மனிதர்களின் விமானங்களும் சரியான வண்ணத்தில் தெரியும்.

பராமரிப்பு என்று பார்த்தால், உலக விமான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது: கோடைப் பருவம் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும், குளிர்காலப் பருவம் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் தொடங்குகின்றன. ஏ.ஐ.ஜி. தொகுப்புகளில் பருவமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். எல்லா நிறுவனங்களின் கோப்புகளும் ஒரே பருவத்துக்குரியவையாக இருந்தால், ஒரே கேட்டுக்கு இரண்டு நிறுவனங்கள் போட்டியிடுவது குறையும்; சற்றுப் பழைய பருவமாக இருந்தாலும் அதனால் பெரிய குறை ஏற்படாது.