மாற்றிப் போடும் சட்டைதானா அடையாளம்?

கேள்வி: எங்கள் பாடத்தில் ஒரு தரப்பு, இளைஞர்களின் உடையும் இசையும் வர்க்க எதிர்ப்பின் வடிவம் என்கிறது. பின்நவீனத்துவத் தரப்போ, அப்படி ஒன்றும் இல்லை, இன்று ஒரு கோலம், நாளை ஒரு கோலம் என்கிறது. நீங்கள் எந்தப் பக்கம்?
– முதுகலைச் சமூகவியல் மாணவி, திருச்சி

பதில்: பின்நவீனத்துவர்கள் நல்ல கேள்வி கேட்டார்கள். பதிலைத்தான் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

முதல் தரப்பு, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையம். ஸ்டூவர்ட் ஹால் அதை நடத்திய காலத்தில், ஒட்ட வெட்டிய தலையும் கனத்த பூட்ஸுமாகத் திரிந்த ஸ்கின்ஹெட் பையன்களுக்கு அங்கே ஒரு விளக்கம் சொன்னார்கள்: பழைய தொழிலாளர் குடியிருப்பு வாழ்க்கை கண்ணெதிரே சிதைகிறது, அதை இவர்கள் உடையிலும் நடையிலுமாவது மீட்கப் பார்க்கிறார்கள். அழகான விளக்கம். ஆனால் அந்தப் பையன்களிடம் நேரில் போய்க் கேட்டது குறைவு. பெண்களையும் காணோம். தெருவை மட்டுமே பார்த்தால், அறைக்குள் தோழியுடன் பாட்டுக் கேட்கும் பெண் எப்படிக் கண்ணில் படுவாள் என்று ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் அந்த மையத்துக்குள்ளிருந்தே கேட்டார்கள்.

பின்நவீனத்துவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தார்கள். இன்றைய கூட்டங்கள் கூடிக் கலையும் தற்காலிகக் குலங்கள் என்று பிரெஞ்சு அறிஞர் மிஷெல் மஃபெசொலி 1988இல் எழுதினார். சமூகவியலாளர் ஆண்டி பென்னெட் அதை நடன இசை ரசிகர்களுக்குப் பொருத்திப் பார்த்தார். இன்னொரு ஆய்வாளர் டேவிட் மகிள்டன், அப்படி உடுத்தும் ஆட்களிடமே பேசி 2000இல் புத்தகம் போட்டார். தங்களை ஒரு பெயருக்குள் அடைப்பதை அவர்களில் பலர் ஏற்கவில்லை. கேட்டு எழுதினார்களே, அது பெரிய காரியம். மானிடவியலாளர் டெட் போல்ஹீமஸ் ஒரு படி மேலே போய், இன்றைய உடை உலகமே எல்லாப் பாணிகளையும் அடுக்கி வைத்த பல்பொருள் அங்காடி என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அங்காடிக்குப் போகக் கையில் காசு வேண்டாமா? இரும்பும் ரசாயனமும் சோறு போட்ட, இங்கிலாந்தின் டீசைடு வட்டாரத்தில், வேலை போன குடும்பங்களின் பிள்ளைகளை ராபர்ட் மெக்டொனால்ட் நெடுங்காலம் ஆராய்ந்தவர். நினைத்தபோது அடையாளம் மாற்றும் இந்தச் சுதந்திரம் யாருக்கு வாய்க்கிறது என்று அவரும் டிரேசி ஷில்ட்ரிக்கும் 2006இல் எழுப்பிய கேள்விக்கு நான் இன்னும் நல்ல பதிலைப் படிக்கவில்லை.

மறுநாள் கலைந்துவிடும் கோலம் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊரில் 1994 முதல், கறுப்பு உடைக்கும் இருண்ட ரசனைக்கும் பேர்போன ‘கோத்’ இசை ரசிகர்கள் கூடுகிறார்கள். மலைமேல் இருக்கும் தேவாலயத்துக்கு 199 படிகள். தரை தொடும் கறுப்புப் பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையில் ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு ஏறிய பெண்மணியை அங்கே பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியிருப்பார். முழங்கை வரை லேஸ் உறை. கடற்காற்றில் கண் கலங்கி மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி தீட்டிக்கொண்டார், பேச்சை நிறுத்தாமல். தானும் கோத்தாக இருந்தபடியே அவர்களை ஆராய்ந்த பால் ஹாட்கின்சன், தங்களுக்குள்ளேயே இசை நிகழ்ச்சி நடத்தி, இதழ் அச்சிட்டு, ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் பிடிப்பைத்தான் 2002இல் பதிவு செய்தார்.

2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் ஊர்ப் பூங்காவில், கோத் கோலத்தில் இருந்த ஒரே காரணத்துக்காக சோஃபி லங்காஸ்டரையும் அவருடைய காதலரையும் ஒரு கும்பல் அடித்தது. காதலரின் தலையை மடியில் தாங்கிக் காத்த சோஃபியையும் மிதித்தார்கள். இருபது வயதில் இறந்துபோனார். விரும்பித் தேர்ந்தது என்பதாலேயே ஓர் அடையாளம் லேசானதாகிவிடுமா? தேர்வில் இரண்டு தரப்பையும் எழுதுங்கள்; இந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: லீட்ஸில் படிக்கும் என் மகன் கறுப்பு உடை, கண்மை, நகப்பூச்சோடு படம் அனுப்பியிருக்கிறான். கேட்டால் ‘கோத்’ என்கிறான். பேய் வழிபாடு என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, இது மதம் அல்ல. பங்க் என்ற முரட்டு ராக் இசையிலிருந்து 1980களை ஒட்டிப் பிறந்த இசையும், அதைச் சுற்றி வளர்ந்த உடை ரசனையும்தான். லீட்ஸ் அதன் பிறந்தகங்களில் ஒன்று. உறவினர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, எந்தப் பாட்டு பிடிக்கிறது, யாரோடு கேட்கிறாய் என்று மகனிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: தோற்றத்துக்காக யாராவது கைவைத்தால், அந்தக் காரணத்தையும் சொல்லிப் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். சோஃபியின் மரணத்துக்குப் பின் எழுந்த இயக்கத்தால், இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யும் வழக்கத்தை மான்செஸ்டர் வட்டாரப் போலீஸ் 2013இல் தொடங்கியது; வேறு சில வட்டாரங்களும் பின்பற்றின.