தெலுக் பஹாங் காட்டுக்கும் கடலுக்கும் செல்வோர்க்கு: கேள்வி பதில்

பட்டர்வொர்த் வாசகி: ஐயா, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் பினாங்கு தேசியப் பூங்காவுக்குச் செல்ல எண்ணுகிறோம். எங்களிடம் கார் இல்லை. அதிகம் நடக்க வேண்டியிருக்குமா?

பதில்: அம்மா, ஜார்ஜ் டவுனின் கொம்தார் பேருந்து நிலையத்திலிருந்து 101ஆம் எண் பேருந்து பத்து ஃபெரிங்கி வழியாகப் பூங்கா அமைந்துள்ள தெலுக் பஹாங் செல்கிறது. பூங்கா வாயிலில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பூங்காவுக்குள் உள்ள கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுவழி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர், ஏற்றம் உண்டு என்பதால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் நடந்து சென்று, திரும்பும்போது படகில் வருவதையே நான் பரிந்துரைப்பேன். கடல் கொந்தளித்தால் படகு கிடைக்காது. ஆகவே நடந்தே திரும்பும் அளவுக்குத் தண்ணீரும் பகல் வெளிச்சமும் மிச்சமிருக்கட்டும்.

ஈப்போ வாசகர்: கெராச்சுட்டில் உள்ள ஏரி வறண்டு கிடந்ததாக நண்பர் சொன்னார். அதில் அப்படி என்ன சிறப்பு?

பதில்: மழை குறைந்த மாதங்களில் அது வற்றிவிடும் என்பதால் உங்கள் நண்பர் கண்டது உண்மையே. நீர் நிறைந்திருக்கும் காலத்தில், காட்டோடைகள் கொண்டுவரும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து புகும் கனமான உப்புநீர் அடியிலும் ஒன்றோடொன்று கலவாமல் இரண்டு அடுக்குகளாக நிற்கும். இத்தகைய ஏரிகள் உலகில் அரிதானவை. மழைக்காலத்தில் இன்னொருமுறை சென்று பாருங்கள் என்று உங்கள் நண்பரிடம் மனமார வேண்டுகிறேன்.

அதே வாசகர்: அங்கே ஆமைகளைக் காண முடியுமா? நீந்தலாமா?

பதில்: கெராச்சுட்டில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. பச்சை ஆமைகளும், ஆலிவ் ரிட்லி எனப்படும் சிற்றாமைகளும் இக்கரையில் முட்டையிடுகின்றன. மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகப் பொரியும். எனவே முட்டைகள் புதைந்திருக்கும் இடத்தின் நிழலும் ஒரு தலைமுறையின் ஆண் பெண் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஆமை கரையேறும் இரவில் கைவிளக்கு அடிக்கவே கூடாது, அது முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கெராச்சுட்டில் நீந்த வேண்டாம். நீரோட்டம் கடுமையானது, சொறிமீன்களும் (ஜெல்லி மீன்கள்) உண்டு. பினாங்குக் கடலில் கொடிய நஞ்சுள்ள பெட்டிச் சொறிமீன் காணப்படுவதால் எந்தக் கரைக்குச் சென்றாலும் ஒரு புட்டி வினிகர் எடுத்துச் செல்லுங்கள். கொட்டிய இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றாமல் வினிகரை ஊற்றி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கோலாலம்பூர் வாசகி: குரங்குகள் தொல்லை தருமா?

பதில்: பூங்காவின் இன்னொரு கடற்கரையான தெலுக் டுயோங்கில் நீண்டவால் குரங்குகள் பைகளைப் பறிக்கும், மனிதர் தீனி போட்டுப் பழக்கியதன் விளைவு அது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்குகளோ மர உச்சியில் அமைதியாகத் தழை தின்றுகொண்டிருக்கும். அவற்றைக் காணக் காட்டுவழியில் அவ்வப்போது நின்று அண்ணாந்து பாருங்கள்.