சார்ஜாவா, தம்மாமா? மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவதைப் பாருங்கள்

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்தில் ஒரு அரச பாடசாலையில் கணித ஆசிரியர். வயது 37. ஆங்கில மொழிமூலத்திலும் படிப்பிக்கிறேன். கழிவுகள் போகக் கைக்கு வருவது 68,000 ரூபாய். ரியூஷனில் சராசரியாக 30,000 வரும். மனைவி வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது. வீட்டுக் கடனுக்கு மாதம் 22,000 கட்டுகிறேன். நகை 4 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. இப்போது இரண்டு இடங்களில் வேலை சரிவந்திருக்கிறது. சார்ஜாவில் மாதம் 4,500 திர்ஹம், தங்குமிடம் நாமே பார்க்க வேண்டும். சவூதியில் தம்மாமில் 4,200 ரியால், இன்னொரு ஆசிரியரோடு சேர்ந்து தங்க இடமும் போய்வர வாகனமும் பாடசாலை தரும். கட்டாரில் இருக்கும் மைத்துனர், "சார்ஜாவுக்குப் போங்கள், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்று வருடத்தில் ஒரு கோடி சேர்க்கலாம்" என்கிறார். அரச வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? காசை எப்படி அனுப்புவது? கடிதங்கள் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.
(உப்புவெளி வாசகர்)

பதில்:

வணக்கம் சேர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதென்றால் தம்மாமுக்குப் போங்கள், இப்போதைக்குத் தனியாகப் போங்கள், அரச வேலையை விடாமல் போங்கள். தம்மாம் பாடசாலையிடம் ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் வாங்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். சவூதி ரியால் 1986 முதல் டொலருக்கு 3.75 என்றும், திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் நிலையாக இருக்கின்றன. அந்தக் கணக்கில் ரியால் 80 ரூபாய், திர்ஹம் 81 ரூபாய் 70 சதம். சார்ஜாச் சம்பளம் 367,000 ரூபாய்க்கு மேல் வருகிறது, தம்மாம் 336,000. இந்த 31,000 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் மைத்துனர் சார்ஜா என்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டு இடத்திலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதும் சரிதான்.

ஆனால் வளைகுடாவில் ஒரு ஆசிரியரின் சேமிப்பைத் தீர்மானிப்பது தங்குமிடம். அதை யார் தருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

சார்ஜாவில் தனியாக ஒரு வீடு எடுக்க இந்தச் சம்பளம் காணாது. 'பெட் ஸ்பேஸ்' என்று சொல்லும் கட்டில் வாடகைக்குத்தான் போவீர்கள். ஒரு அறையில் நாலு கட்டில், ஆளுக்கு ஒரு அலுமாரிக் கதவு, குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. கட்டிலுக்கு 900 திர்ஹம் என்று வைப்போம். சமைத்துச் சாப்பிட 700, தொலைபேசிக்கும் இணையத்துக்கும் 150, பஸ்ஸுக்கு 150, மற்றதெல்லாம் 300. மொத்தம் 2,200 போனால் மிச்சம் 2,300 திர்ஹம், அதாவது 188,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதில் காசைத் தவிர இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் இரவில் கொப்பி திருத்த வேண்டியவர், நாளைய பாடத்தைத் தயார் செய்ய வேண்டியவர். நாலு பேர் நாலு நேரத்தில் வேலை முடிந்து வரும் அறையில் மேசைக்கு இடமிருக்காது. முதல் ஆறு மாதம் பொறுத்துவிட்டு, அப்புறம் முடியாமல் தனி அறைக்கு மாறுபவர்கள் பலர். மாறினால் மேலே போட்ட கணக்கு அன்றைக்கே உடையும்.

தம்மாமில் அறையும் வாகனமும் பாடசாலையுடையது. அங்கே பெறுமதி சேர் வரி 2020 ஜூலையிலிருந்து 15 சதவீதம், சார்ஜா இருக்கும் எமிரேட்ஸில் 5 சதவீதம்தான். ஆகவே கடைச் செலவைச் சார்ஜாவை விடக் குறைத்துப் போடாதீர்கள். சாப்பாடு 700, தொலைபேசி 100, வார இறுதியில் வெளியே போய்வர 300, மற்றது 300 என்று 1,400 போனால் மிச்சம் 2,800 ரியால். 224,000 ரூபாய். சம்பளம் குறைந்த இடத்தில்தான் மிச்சம் 36,000 ரூபாய் கூட.

இந்த 224,000 முழுவதும் சேமிப்பு இல்லை. நீங்கள் போனதும் உங்கள் சம்பளமும் ரியூஷனும் சேர்ந்த 98,000 நின்றுவிடும். இந்தக் கழித்தலைச் செய்யாமல்தான் பலரும் விமானம் ஏறுகிறார்கள். நீங்கள் இல்லாத வீட்டுக்கு 70,000, கடனுக்கு 22,000 என்று மாதம் 92,000 அனுப்பியே ஆக வேண்டும். ஆகவே தம்மாமில் உண்மையான சேமிப்பு மாதம் 132,000. சார்ஜாவில் 96,000.

மைத்துனர் சொன்ன ஒரு கோடியையும் போட்டுப் பார்த்தேன். 36 மாதத்தில் அதைச் சேர்க்க மாதம் 278,000 மிஞ்ச வேண்டும். வீட்டுக்கு அனுப்புவதையும் கூட்டினால் 370,000. ஒரு சதம் செலவழிக்காமல் அங்கே இருந்தாலும் உங்கள் இரண்டு சம்பளத்தில் எதுவும் அதைத் தொடாது. அவர் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் அவருடைய வேலையும் சலுகைகளும் வேறாக இருக்கலாம். கிண்ணியா, மூதூர் பக்கம் வளைகுடாக் காசில் எழும்பிய வீடுகளைப் பார்த்தும் கணக்குப் போடாதீர்கள். அவற்றில் பல, பத்துப் பதினைந்து வருட உழைப்பு. மூன்று வருடம் தம்மாமில் இருந்தால் மொத்தச் சேமிப்பு 47 இலட்சம். அதில் நகை அடகும் வட்டியும் புறப்படும் செலவும் போகக் கையில் 40 இலட்சம் வரை நிற்கும். அது நல்ல தொகை. அதை நம்பித் திட்டம் போடுங்கள்.

சேவை முடிவுக் கொடுப்பனவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சார்ஜாக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 2,000 என்று போட்டு மிச்சத்தை வீட்டுப்படி, ஏனைய படி என்று பிரித்திருக்கிறார்கள். எமிரேட்ஸ் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம் கிடைக்கும். அது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். அப்படியானால் வருடத்துக்கு 1,400 திர்ஹம், மூன்று வருடத்துக்கு 4,200. அடிப்படை 4,500 என்று இருந்தால் அதே மூன்று வருடத்துக்கு 9,450 வந்திருக்கும். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. மூன்று வருடத்துக்கு 6,300 ரியால். ஆனால் இரண்டு வருடம் முடியுமுன் நீங்களாக விலகினால் ஒன்றும் கிடைக்காது, இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் விலகினால் மூன்றில் ஒரு பங்குதான். ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டே திரும்புங்கள்.

குடும்பத்தைக் கூட்டிப் போவது பற்றி. பிள்ளைகளை விட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்தக் கணக்கை இரண்டு தரம் பார்த்தேன். எமிரேட்ஸில் 4,000 திர்ஹம் சம்பளம் இருந்தால் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டம் இடம் கொடுக்கிறது, சம்பளம் இடம் கொடுக்கவில்லை. வருடம் 32,000 திர்ஹத்துக்கு ஒரு சின்ன வீடு எடுத்தாலும் மாதம் 2,700 வாடகைக்கே போகும். அதையும் மாதாமாதம் வாங்க மாட்டார்கள். வருட வாடகையை நாலைந்து காசோலையாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மின்சார, நீர் வைப்புப் பணம் வேறு. மிஞ்சும் 1,800இல் நாலு பேரின் சாப்பாடும் இரண்டு பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணமும் அடங்காது. சவூதியில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் உண்டு. 2017இல் 100 ரியாலில் தொடங்கி 2020இல் 400 ஆக்கினார்கள். மூன்று பேருக்கு வருடம் 14,400 ரியால், அதாவது உங்களுடைய ஏறக்குறைய மூன்றரை மாதச் சம்பளம். முதல் ஒப்பந்தம் முடிந்து, வீட்டுப்படியோடும் பிள்ளைகளின் கட்டணச் சலுகையோடும் வேறு இடம் கிடைத்தால் அப்போது கூட்டிப் போங்கள். மஸ்கட், தோஹா, ரியாத் நகரங்களில் இலங்கைப் பாடசாலைகளும் இருக்கின்றன. அங்கேயும் விண்ணப்பித்து வையுங்கள்.

ரியூஷன் செய்து சரிக்கட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். எமிரேட்ஸில் தனிப்பட்ட வகுப்பு எடுக்க 2023 டிசம்பரிலிருந்து இலவசமாக ஒரு அனுமதி கொடுக்கிறார்கள். அதை எடுக்காமல் படிப்பித்தால் அபராதம். புது நாட்டில் முதல் வருடம் அந்த வரவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அரச வேலைக்கு இராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். 2022 ஜூனில் வந்த 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கை, வெளிநாட்டு வேலைக்கு 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க வழி திறந்தது. சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்பது அதன் பெரிய நன்மை. நிபந்தனைகள் பிறகு மாறியிருக்கின்றன, கணித ஆசிரியரை விடுவிக்க அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும் தயங்கவும் கூடும். ஆகவே இன்றைய நிலையை எழுத்தில் கேளுங்கள். மாகாணக் கல்வித் திணைக்களமே திருகோணமலையில்தான் இருக்கிறது, நேரில் போய்ப் பேசலாம். இடர் கடன் ஏதும் எடுத்திருந்தால் அதன் தவணையை விடுமுறைக் காலத்தில் எப்படிக் கட்டுவது என்று கணக்குப் பகுதியில் கேட்டு வையுங்கள். சம்பளத்தில் வெட்டுவது நின்றதும் பிணையாளிக்குக் கடிதம் போய்விடக் கூடாது.

புறப்படும் செலவுக்கு இன்னொரு நகையை அடகு வைக்காதீர்கள். சவூதித் தொழிற் சட்டத்தில் ஆட்சேர்ப்புச் செலவும் வதிவிட அனுமதிக் கட்டணமும் வேலை கொடுப்பவருடையவை. ஏஜென்சி விசாவுக்கென்று இலட்சக்கணக்கில் கேட்டால் விலகுங்கள். சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சில் உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, நம்முடைய கச்சேரியிலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். சவூதியில் ஒப்பந்தம் அந்நாட்டு மனிதவள அமைச்சின் 'கிவா' இணையத் தளத்தில் பதிவாகும். கடிதத்தில் இருந்த 4,200ஏ அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

காசு அனுப்புவது. 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாய்ப் பக்கம் நிற்க, வெளியே அதைவிட நன்றாகக் கூடக் கொடுத்தார்கள், அதனால் பலர் வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியலுக்குப் போனார்கள். இன்று அந்த இடைவெளி பெரிதாக இல்லை. உண்டியல் காசு வராவிட்டால் கேட்க ஆளில்லை, நாளைக்கு வங்கியில் கடன் கேட்டால் காட்டவும் ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. வங்கி வழியாகவே அனுப்புங்கள். மாதச் செலவு 92,000ஐ மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்குக்கு அனுப்புங்கள். முதல் மூன்று நாலு மாதச் சேமிப்பில் நகையை மீட்டுவிடுங்கள். அடகு வட்டியை விடக் கூடுதலாக எந்த நிலையான வைப்பும் தராது. அதன் பிறகு மூன்று மாத வீட்டுச் செலவை ரூபாயில் ஒதுக்குங்கள்.

மிச்சத்தில் ஒரு பங்கைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே விடுங்கள், பிள்ளைகளின் மேற்படிப்புக்கு. 2022 மார்ச்சில் ரூபாய் சில வாரங்களில் 200இலிருந்து 300ஐத் தாண்டி விழுந்ததைப் பார்த்தோம், அப்புறம் 360இலிருந்து 300 பக்கம் திரும்பியதையும் பார்த்தோம். எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்டத் தேவையில்லை, இரண்டிலும் வைத்திருந்தால் போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் வரைதான். தொகை வளர்ந்தால் இரண்டு மூன்று வங்கியாகப் பிரியுங்கள். கூடிய வட்டி என்று ஆசை காட்டும் சின்ன நிதி நிறுவனத்திலும், தெரியாத ஆள் பிடிக்கும் பெரிய சீட்டிலும் போட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், அதையும் கழித்துப் பாருங்கள்.

இனி அந்தக் கேள்வி. சார்ஜாக் கடிதத்தில் 12 மாதச் சம்பளம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தம்மாம் கடிதத்தில் அது இல்லை. கோடை விடுமுறை இரண்டு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்காத தனியார் பாடசாலைகள் இருக்கின்றன. அப்படியென்றால் வருடத்துக்கு 50,400 ரியாலுக்குப் பதில் 42,000தான், 672,000 ரூபாய் குறைவு. அந்த இரண்டு மாதம் நீங்கள் ஊரில் வந்திருந்து அங்கத்தைய செலவை மிச்சம் பிடித்தாலும், வருடச் சேமிப்பு 1,136,000 ரூபாயாக, மாதத்துக்கு 95,000க்குக் கீழே இறங்கும். தம்மாமும் சார்ஜாவும் ஒன்றாகிவிடும். ஆகவே இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள்: எத்தனை மாதச் சம்பளம், கோடை விடுமுறைக்கு வந்துபோகும் டிக்கெட் யாருடையது. பத்து மாதம் என்று பதில் வந்தால் மாதம் 5,040 கேளுங்கள். தர மாட்டோம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, தங்குமிடத்தோடு 12 மாதச் சம்பளம் தரும் இடத்துக்கு அடுத்த தவணையில் விண்ணப்பியுங்கள். கணித ஆசிரியருக்கு அப்படி இடம் வரும்.