மாதம் ஒரு ஆங்கில நாடகம்: சேரலாமா?

கேள்வி: என் கல்லூரித் தோழி ஒருத்தி, ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு ஆங்கில நாடகங்கள் படிக்கும் சவாலில் சேர்ந்திருக்கிறாள். எல்லாம் லண்டன் மேடையில் பேர்பெற்ற பழைய நாடகங்கள். அதில் குறைந்தது மூன்று 1700-க்கு முந்தியவையாக இருக்க வேண்டுமாம். என்னையும் சேரச் சொல்லி விடாமல் கேட்கிறாள். நான் பி.காம். படித்தவள். ஆங்கில நாவல்கள் நிறையப் படிப்பேன். நாடகம் என்றால் மட்டும், பார்ட் டூ இங்கிலீஷில் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' கோர்ட் சீனை மனப்பாடம் செய்த ஞாபகம்தான் வருகிறது. போன வருடம் 'ஹாம்லெட்' எடுத்தேன். இரண்டாம் அங்கத்தைத் தாண்டவில்லை. "நாடகம் பார்க்கிறதுக்குத்தானே, படிக்கிறதுக்கா?" என்கிறார் கணவர். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. சேரலாமா? சேர்ந்தால் எங்கே ஆரம்பிப்பது? பாதியில் நின்றுவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சேருங்கள். ஆனால் மறுபடியும் 'ஹாம்லெட்'டில் போய் நிற்காதீர்கள். ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே நீளமான நாடகம் அது. அதைத் தனியாக எடுத்துப் பாதியில் விட்டதை வைத்து, நாடகம் நமக்கு ஒத்துவராது என்று நீங்கள் முடிவு கட்டியிருந்தால் அந்த முடிவைக் கைவிடுங்கள்.

முதலில் உங்கள் கணவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நாடகம் பார்ப்பதற்குத்தான். ஷேக்ஸ்பியரும் நடிகர்களுக்காகத்தான் எழுதினார். அவர் இறந்தது 1616-இல். ஏழு வருடம் கழித்து, 1623-இல், அவரோடு ஒரே குழுவில் நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் என்ற இருவர் அவருடைய 36 நாடகங்களைத் திரட்டி ஒரே பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் பாதி, அதாவது 18 நாடகங்கள், அதற்கு முன் அச்சேறாதவை. 'மெக்பெத்', 'ஜூலியஸ் சீசர்', 'ட்வெல்ஃப்த் நைட்', 'தி டெம்பெஸ்ட்' எல்லாம் அந்த 18-இல் அடக்கம். புத்தகம் வராமல் போயிருந்தால் பார்ப்பதற்கு இன்று 'மெக்பெத்' கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். அந்த நூலின் முன்னுரையில் இவரைப் படியுங்கள், திரும்பத் திரும்பப் படியுங்கள் என்று அந்த இருவரும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். மேடையிலேயே வாழ்ந்த இரண்டு நடிகர்கள் சொன்னது இது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவர் கேட்டதில் ஒரு உண்மையும் இருக்கிறது. நாவல் படிக்கிற மாதிரி நாடகத்தைப் படித்தால் அலுத்துப்போகும். நாவலில் யார் எங்கே நின்றார்கள், முகம் எப்படி இருந்தது, கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுத்தாளரே சொல்லிவிடுவார். நாடகத்தில் பேச்சு மட்டும்தான் காகிதத்தில் இருக்கும். மீதியை நாம் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வருவதே இதைத்தான்: பேசுகிறவரைப் படிக்கும்போது, அதே நேரத்தில் பேசாமல் இருப்பவர் யார், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

'மெக்பெத்' இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியைப் பாருங்கள். நள்ளிரவு. மெக்பெத் அரசனைக் கொன்றுவிட்டு இறங்கி வருகிறான். மனைவி கீழே காத்திருக்கிறாள். சத்தம் கேட்டதா, எப்போது, இப்போதுதான், நான் இறங்கி வரும்போதா என்று இருவரும் ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பேசிக்கொள்கிறார்கள். தூக்கத்தில் யாரோ ஜெபம் சொன்னதையும், தன்னால் 'ஆமென்' சொல்ல முடியாமல் போனதையும் அவன் புலம்பிக்கொண்டே போகிறான். ஐம்பது வரியை நெருங்கும்போதுதான் அவள் கேட்கிறாள்: அந்தக் குத்துவாள்களை ஏன் இங்கே எடுத்து வந்தீர்கள், அவை அங்கேயல்லவா கிடக்க வேண்டும்?

படிக்கிற நமக்கு அந்த வரியில்தான் தெரிகிறது, இவ்வளவு நேரமும் குத்துவாள்கள் அவன் கையிலேயே இருந்திருக்கின்றன என்று. மேடையில் பார்த்தவர்களுக்கு அவன் வந்த கணத்திலேயே தெரிந்திருக்கும். அப்படியானால் அவள் எப்போது கவனித்தாள்? உடனே பார்த்துவிட்டு, அவன் அமைதியாகட்டும் என்று பொறுத்திருந்தாளா? இல்லை, அவள் பதற்றத்தில் அதுவரை கண்ணில் படவே இல்லையா? புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. ஒவ்வொரு நடிகையும் தானே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. படிக்கும்போது அந்த முடிவு உங்கள் கையில். காட்சியின் முதல் வரிக்குத் திரும்பிப் போய், குத்துவாள்கள் அவன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் படியுங்கள். வேறு காட்சியாகிவிடும். இவ்வளவு இருட்டான காட்சி லண்டன் குளோப் அரங்கில் பட்டப்பகலில் நடிக்கப்பட்டது. ஆந்தை அலறியது, சுவர்க்கோழி கத்தியது என்ற பேச்சை வைத்தே அங்கே இரவைக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு உதாரணம் சிரிப்பு நாடகத்திலிருந்து. ஷெரிடனின் 'தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்', 1777-இல் லண்டன் டிரூரி லேன் அரங்கில் வந்தது. அதில் நான்காம் அங்கத்தில் ஒரு தட்டிக் காட்சி. வயதான சர் பீட்டரின் இளம் மனைவி லேடி டீசல், ஜோசப் என்கிற ஆஷாடபூதியின் வீட்டுக்குத் தனியாக வந்திருக்கிறாள். கணவர் வருகிற சத்தம் கேட்டதும் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவள் அங்கே இருப்பது தெரியாமல் சர் பீட்டர், மனைவி மேல் தனக்கு வந்த சந்தேகத்தைச் சொல்லி வருந்துகிறார். கூடவே, அவள் இனிமேல் பணத்துக்காகத் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று வருடத்துக்கு 800 பவுண்டு எழுதிவைக்கப் போவதாகவும், தனக்குப் பிறகு சொத்தில் பெரும்பகுதி அவளுக்கே என்றும் சொல்கிறார்.

இந்தப் பக்கங்களில் லேடி டீசலுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. அசிரத்தையாகப் படித்தால் அவளை மறந்தே போவோம். ஆனால் அந்தக் காட்சியின் கனமெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. தட்டி சரிந்து விழும்போது அவள் ஜோசப்பின் பொய்க்குத் துணைபோக மறுப்பது எதனால் என்று புரிய வேண்டுமானால், ஒளிந்திருந்த அந்த நேரம் முழுக்க அவள் காதில் என்ன விழுந்தது என்பது நம் நினைவில் இருக்க வேண்டும். ஒரு தாளில் கதவு, தட்டி, அலமாரி அறை மூன்றையும் பென்சிலால் வரைந்து, யார் எங்கே என்று குறித்துக்கொண்டு படியுங்கள். இந்த நாடகத்துக்கு அது நிஜமாகவே உதவும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? தோழியின் பட்டியல் கால வரிசையில் இருந்தால் நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. பின்னாலிருந்து முன்னே வாருங்கள். ஜனவரிக்கு ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. ஒரே வீடு, ஒரே ராத்திரி, சாப்பாட்டு அறையில் பணக்காரக் குடும்பம் ஒன்று மகளின் நிச்சயதார்த்தத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு ஏழைப்பெண் கிருமிநாசினி குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். ஒவ்வொருவராக அவள் சாவில் தங்கள் பங்கு வெளிப்பட்டு நிற்கிறார்கள். கதை நடப்பது 1912-இல், எழுதியது 1945-இல். போர் வராது, டைட்டானிக் மூழ்காது என்று குடும்பத் தலைவர் பெருமையடிப்பதை, இரண்டு உலகப் போர்களைப் பார்த்துவிட்ட சபை கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் இன்ஸ்பெக்டர் வரும்வரை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அவர் வந்ததும் கடுமையாக மாற வேண்டும் என்று பிரீஸ்ட்லி குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த மாதிரிக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே மூச்சில் முடித்துவிடுவீர்கள்.

அடுத்து ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. 1895 பிப்ரவரி 14-இல் முதல் காட்சி நடந்த நாடகம். விக்டோரியா ரயில் நிலையத்தில் கைப்பையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தைதான் இந்த மாப்பிள்ளை என்று தெரிந்ததும் பெண்ணின் அம்மா லேடி பிராக்னெல் என்ன பாடு படுத்துகிறார் என்பதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலங்கள் உங்களுக்கு ஞாபகம் வரலாம். அப்புறம் பெர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்'. நாவல் வாசகியான உங்களுக்கு இது கைகொடுக்கும், ஏனென்றால் அறை, உடை, நடை எல்லாவற்றையும் ஷா விரிவாகவே எழுதிவிடுவார். முன்னுரையை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பின்னுரையைக் கட்டாயம் படியுங்கள். நாயகி எலிசா யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஷா அதில் பிடிவாதமாகச் சொல்கிறார். இதே கதை சினிமாவாக வந்த 'மை ஃபேர் லேடி'யைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியம். (ஷெரிடன், வைல்ட், ஷா மூவருமே டப்ளினில் பிறந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். லண்டனைச் சிரிக்க வைத்தவர்களில் அயர்லாந்துக்காரர்கள் அதிகம்.)

கோர்ட் சீனை மனப்பாடம் செய்த உங்களுக்கு டெரன்ஸ் ராட்டிகனின் 'தி வின்ஸ்லோ பாய்' பிடிக்கும் என்று நம்புகிறேன். 1946-இல் வந்தது. ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டரைத் திருடியதாகக் கடற்படைப் பள்ளியிலிருந்து ஒரு பையனை வெளியேற்றுகிறார்கள். அவன் அப்பா உடம்பையும் சொத்தையும் கரைத்து வழக்காடுகிறார். உண்மையில் நடந்த ஒரு வழக்கை வைத்து எழுதியது. முழுக்க வழக்கைப் பற்றிய நாடகம், ஆனால் கோர்ட்டை ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. எல்லாம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது.

இவற்றோடு ஷெரிடனையும் படித்த பிறகு, ஜூன் வாக்கில் 'மெக்பெத்'துக்கு வாருங்கள். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது அதுதான். கதையை முன்கூட்டியே தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கமாகப் படித்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை. பாரதக் கூத்துக்குப் போகிறவர்கள் கதை தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்? முதல் வாசிப்பில் புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டாமல் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நகருங்கள். காட்சி முடிந்ததும் அடிக்குறிப்பைப் பாருங்கள்.

1700-க்கு முந்திய மற்ற இரண்டுக்கு 'ட்வெல்ஃப்த் நைட்'டும் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்'ஸும் போதும். ஃபாஸ்டஸின் கடைசிப் பேச்சில் மணி பதினொன்று அடிக்கிறது, அப்புறம் அரை, அப்புறம் பன்னிரண்டு. ஒரு மணி நேரம் ஒரே பேச்சில் ஓடிப்போய்விடும். சாத்தானிடம் ஆத்மாவை விற்றவனின் தவிப்பு அதில் அப்படியே இருக்கிறது. நடுவில் வரும் கோமாளிக் காட்சிகள் எனக்குச் சுமார்தான், வேகமாகக் கடந்துவிடலாம். பென் ஜான்சனின் 'தி ஆல்கெமிஸ்ட்'டை இந்த வருடம் தொடாதீர்கள். ரசவாதச் சரக்குப் பெயர்களும் அந்தக்கால லண்டன் தெருப்பேச்சும் கழுத்தை நெரித்துவிடும். காங்க்ரீவின் 'தி வே ஆஃப் தி வேர்ல்ட்'டும் அப்படித்தான், யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் முடிந்துவிடும். ஷெரிடனுக்கும் வைல்டுக்கும் இடையே நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுகிறதே என்று பார்க்காதீர்கள். அந்தக் காலத்து நாடகங்களில் இன்று உட்கார்ந்து படிக்கும்படி இருப்பது என் கணக்கில் குறைவு.

உங்கள் பழைய 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்'ஸையும் ஒரு மாதத்துக்கு வையுங்கள், இந்தத் தடவை முழுசாக. வட்டிக்காரன் ஷைலாக்கின் மகள் வீட்டை விட்டு ஓடுகிற காட்சிகளைப் படித்துவிட்டுக் கோர்ட் சீனுக்கு வந்தால், அவன் கத்தியைத் தீட்டுவதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். பம்மல் சம்பந்த முதலியார் இதையே 'வாணீபுர வணிகன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். உங்களைத் திணறடித்த 'ஹாம்லெட்'டும் அவர் கையில் 'அமலாதித்தன்' ஆனது. கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வைல்ட், ஷெரிடன், மார்லோ, ஷேக்ஸ்பியர், 'பிக்மேலியன்' எல்லாம் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். பிரீஸ்ட்லியும் ராட்டிகனும் இன்னும் பதிப்புரிமையில் இருப்பதால் வாங்க வேண்டும், அல்லது நூலகத்தில் கேளுங்கள். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் பக்கத்திலேயே அடிக்குறிப்பு உள்ள பதிப்பாக ஒன்று வாங்கிவிடுங்கள். குறிப்பில்லாத மலிவுப் பதிப்பு வாங்கிப் பாதியில் போடுவதைவிட அது சிக்கனம். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் பலர் சேர்ந்து வாசித்த ஒலிப்பதிவுகள் இலவசமாக இருக்கின்றன.

இன்னொன்று, வாய்விட்டுப் படியுங்கள். முழு நாடகத்தையும் இல்லை, மாதத்துக்கு ஒரு காட்சி போதும். உச்சரிப்பு சரியா என்று பார்க்க வேண்டாம். கணவர் ஒத்துக்கொண்டால் இன்ஸ்பெக்டர் வேஷத்தை அவருக்குக் கொடுங்கள். இல்லையா, தோழியோடு போனில் ஆளுக்கொரு பாத்திரமாக வாசியுங்கள். சவாலில் இரண்டு பேர் இருப்பதன் லாபமே அதுதான்.

பாதியில் நின்றுவிடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் விட்டுப்போனால் அந்த நாடகத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். பாக்கியைச் சேர்த்துக்கொண்டே போனால்தான் சவால் நிற்கும். பிடிக்காத நாடகத்துக்கு முதல் அங்கம் முடியும்வரை அவகாசம் கொடுங்கள்; அதற்கப்புறமும் ஒட்டவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாமா என்று தோழியிடம் கேளுங்கள். பன்னிரண்டு வேண்டும் என்பதுதான் சவால், எந்தப் பன்னிரண்டு என்பதில் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

டிசம்பரை இப்போதே நிரப்பிவிடாதீர்கள். பதினொரு மாதம் போனபின் உங்களுக்கே தெரியும், இன்னும் பழையதா, இன்னும் புதியதா என்று. புதியது வேண்டும் என்று தோன்றினால் ஷீலா டெலனியின் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யை எடுங்கள். 1958-இல் அது மேடையேறியபோது அவருக்கு வயது 19.