வென்டிலேட்டரை அடைக்காதீர்கள்: தில்லிக் குளிருக்கும் விருந்தினருக்கும் வீட்டை ஆயத்தம் செய்வது

கேள்வி: மார்ச் மாதம் மதுரையிலிருந்து தில்லி துவாரகாவுக்குக் குடிவந்தோம். இரண்டாம் மாடியில் மூன்று அறை கொண்ட வாடகை வீடு. இங்கே எங்களுக்கு இது முதல் குளிர்காலம். டிசம்பர் 23-ஆம் தேதி மாமனார், மாமியார், நாத்தனார், அவருடைய எட்டு மாதக் குழந்தை எல்லோரும் வந்து பத்து நாள் தங்குகிறார்கள். மாமனாருக்கு வயது 72, ரத்தக் கொதிப்பு உண்டு. ஒரு குளியலறையில் 15 லிட்டர் மின்சார கீசர் இருக்கிறது. இன்னொன்றில் வீட்டு உரிமையாளர் மாட்டிய கேஸ் கீசர். அங்கே குளிர்காற்று வருகிறதே என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். மூன்று அறைக்கும் மூன்று ஹீட்டர் வாங்கலாமா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் எழுந்துபோய் அந்த அட்டையை எடுத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

கேஸ் கீசரும் ஓர் அடுப்புதான். சுவரில் தொங்குவதால் நாம் அதை அடுப்பாக நினைப்பதில்லை. ஒரு கிலோ சமையல் வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாலடிக்கு ஆறடி, உயரம் எட்டடி என்றால் உங்கள் குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஐந்தரை கன மீட்டர்தான். சாதாரண கேஸ் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் அரை மணி நேரத்துக்குள் அவ்வளவு காற்றையும் கேட்கும். அது தீர்வதற்கு வெகு முன்னாலேயே எரிதல் கெட்டுப்போய் கார்பன் மோனாக்சைடு உண்டாகத் தொடங்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். தலை கனக்கும், குமட்டும், கால் துவளும். குளிப்பவர் 'வெந்நீர்க் களைப்பு' என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியப் பத்திரிகைகளில் இந்தச் சாவுச் செய்தி வராமல் இருப்பதில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு குளிப்பதால் வெளியே இருப்பவர்களுக்கு நேரத்தில் தெரிவதும் இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான். விருந்தினர் வருவதற்குள் அந்த கீசரை பால்கனிக்கோ திறந்த வெளிச்சுவருக்கோ மாற்றித் தரும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும். சிலிண்டரும் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. உரிமையாளர் இழுத்தடித்தால் அந்த கீசரைப் பயன்படுத்தவே வேண்டாம். இன்னொரு குளியலறையில் முறை வைத்துக் குளியுங்கள். சுடர் நீலமாகத்தானே எரிகிறது என்று மெக்கானிக் சமாதானம் சொல்லக்கூடும். காற்று குறைந்த அறையில் நேற்று நீலமாக எரிந்தது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. வென்டிலேட்டர் வழியாக முதுகில் குளிர்காற்று படுகிறது என்றால், குளிப்பதற்கு முன் ஒரு வாளி வெந்நீரைத் தரையிலும் சுவரிலும் ஊற்றுங்கள். அந்த ஆவியே அறையைச் சூடாக்கிவிடும்.

இதே காரணத்தால் அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பை எந்த அறைக்குள்ளும் கொண்டுவராதீர்கள். காவலாளி வாசலில் தணல் காய்வதைப் பார்த்து ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஆசை வரும். அவர் திறந்த வெளியில் காய்கிறார் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது மின்சாரம். தில்லியில் நான் மின் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில், ஒரு ஜனவரி இரவு என் அம்மா என்னை எழுப்பி, "நடுராத்திரியில் யாரடா கருவாடு வறுக்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் வறுக்கவில்லை. அவருடைய அறையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்த ஹீட்டர் பிளக்கின் ஒரு கால் பழுப்பேறி, பெட்டியின் பிளாஸ்டிக் அதைச் சுற்றி வெல்லப்பாகு போலக் குழைந்திருந்தது. சூடேறிய சாக்கெட்டிலிருந்து மீன்வாடை போன்ற நாற்றம்தான் முதலில் வரும். அன்று அம்மாவின் மூக்குதான் எங்களைக் காப்பாற்றியது. உங்கள் வீட்டிலும் அந்த வாடை வந்தால் சமையலறையைத் தேட வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு சாக்கெட்டாகப் பாருங்கள்.

மூன்று ஹீட்டர் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். விடிகாலை ஐந்து மணிக் கணக்கைப் பாருங்கள். கீசர் 2000 வாட். எண்ணெய் நிரப்பி மூடிய மின் ஹீட்டர், அதாவது ஆயில் ஹீட்டர், மூன்று என்றால் ஒன்றுக்கு 2000 வீதம் 6000. காப்பிக்கு மின்கெட்டில் 1500. ஆக 9500 வாட். உங்கள் மின்கட்டணச் சீட்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3 என்றோ 4 என்றோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுமை மீறினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்தால் பிழைத்தீர்கள். விழாமல் வயர் சூடேறினால்தான் ஆபத்து. சில எலெக்ட்ரீஷியன்கள் 'அடிக்கடி விழுகிறது' என்று புகார் சொன்னால் பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிட்டுப் போவார்கள். சுவருக்குள் இருக்கும் வயர் பழைய வயராகவே இருக்கும்போது அதைச் செய்ய விடவே கூடாது.

ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை டிசம்பர் முதல் வாரத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆள் கிடைப்பது அரிது. கீசருக்கும் ஹீட்டருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக் தனித்தனியாக இருக்கிறதா, அந்த சாக்கெட்டுகளுக்கு எர்த் உண்மையிலேயே வருகிறதா, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அதை மாற்றியாக வேண்டும். ஈரக்காலோடு கீசர் பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய காப்பு கிடையாது.

கீசரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் தாராளமாக இருந்த 15 லிட்டர் இங்கே போதாது என்று உங்களுக்கு டிசம்பரில்தான் தெரியவரும். மாடித் தொட்டியின் நீர் மதுரையில் 28 டிகிரி இருந்தால், 60 டிகிரி வெந்நீர் 15 லிட்டரோடு கலந்து குளிக்கும் பதத்தில் 40 லிட்டர் கிடைக்கும். இங்கே விடிகாலையில் அதே தொட்டி நீர் 12 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அப்போது அதே கீசரிலிருந்து 26 லிட்டர்தான் தேறும், ஒன்றரை வாளி. மறுபடி சூடேற 25 நிமிடம். ஆறு பேர் என்றால் இரண்டரை மணி நேரம். மார்கழி ஆயிற்றே, மாமியார் நாலரைக்கே எழுந்து குளித்துக் கோலம் போட நினைப்பார். அவரைத் தடுக்க வேண்டாம், முதல் முறையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். மாமனாரை மட்டும் பத்து மணி வெயிலுக்குப் பிறகு குளிக்கச் சொல்லுங்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். கதகதப்பான ரஜாயிலிருந்து, அதாவது கனத்த பஞ்சுப் போர்வையிலிருந்து, நேராகக் குளிர்ந்த குளியலறைக்கு நடப்பது அவர் வயதுக்கு நல்லதில்லை. மாத்திரை, உடல்நிலை பற்றியெல்லாம் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடட்டும்.

போர்வெல் நீர் வரும் வீடு என்றால் கீசருக்குள் உப்புப் படிந்திருக்கும். சூடேறும்போது கடகடவென்று கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். சர்வீஸ் செய்ய வருபவரிடம் உப்பைச் சுரண்டி எடுப்பதோடு நிறுத்தாமல், தொட்டியைத் துருவிலிருந்து காக்க உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் மாற்றவும், அழுத்தம் வெளியேறும் வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள். அந்த வால்வில் சொட்டுச் சொட்டாக நீர் வருகிறதே என்று அதை அடைப்பவர்கள் உண்டு. சூடேறும்போது பெருகும் நீர் வெளியேறும் வழி அது.

இனி குளிரை அடைக்கும் வேலைக்கு வரலாம். இரவு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே சந்து இருக்கிறது. நகரும் அலுமினிய ஜன்னல்களில் தேய்ந்துபோன தூரிகைப் பட்டைதான் பெரும்பாலும் காரணம். அதை மாற்ற அதிகம் செலவாகாது, வாடகை வீட்டிலும் செய்யலாம். வெளிக்கதவின் அடியில் ரப்பர் பட்டை, மற்ற இடங்களில் ஃபோம் டேப். சமையலறை வென்டிலேட்டரையும் எக்ஸாஸ்ட் துவாரத்தையும் மட்டும் தொடாதீர்கள். அங்கேயும் கேஸ் எரிகிறது.

பகல் வெயில் இலவச ஹீட்டர். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தில்லியில் அடிவானிலிருந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். அந்த அறையைக் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒதுக்குங்கள். பகலில் திரையை முழுக்க விலக்கி, பொழுது சாய்ந்ததும் இழுத்து மூடிவிட வேண்டும். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறப்பதும் நண்பகல் முதல் நாலு மணிக்குள் இருக்கட்டும். காலையிலும் இரவிலும் மாசு தரையோடு தங்கிக்கிடக்கும்.

ஹீட்டர் ஒன்று வாங்குங்கள், ஆயில் ஹீட்டராக. குழந்தை இருக்கும் வீட்டில் சிவக்கக் கம்பி எரியும் வகை வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். ரஜாயும் திரையும் அதிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கட்டும். மின் ஹீட்டர் பிராணவாயுவை எரித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதில் எதுவும் எரிவதில்லை, காற்று வறண்டுபோவது மட்டும் உண்மை. உங்கள் ஏ.சி. குளிர், சூடு இரண்டும் தரும் வகையாக இருந்தால் ஹீட்டரே வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்தில் அது இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தரும். ஃபில்டரை மட்டும் கழுவிப் போடுங்கள்.

மாமனார் பாயில் படுத்துப் பழகியவராக இருந்தாலும் மொசைக் தரையில் படுக்கவிடாதீர்கள். கட்டில் கொடுங்கள். ரஜாய்களை அவர்கள் வரும் முன் மூன்று நாளாவது மொட்டைமாடி வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவையுங்கள். பாச்சை உருண்டையின் நாஃப்தலின் நெடி குழந்தைக்கு ஆகாது. பழைய பஞ்சு கட்டிதட்டியிருந்தால் தெருவில் கூவிக்கொண்டு வரும் துனியாவிடம், அதாவது பஞ்சு அடிப்பவரிடம், அடித்துத் தரச் சொல்லலாம். கண்ணெதிரே பனி போலப் பொங்கிவரும் அந்தப் பஞ்சை உங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

வடக்குச் சுவரோரம் இருக்கும் பீரோவை நாலு அங்குலம் முன்னுக்கு இழுத்துவிடுங்கள், பின்னால் பூஞ்சை பிடிக்காது. ஈரத்துணியைப் படுக்கை அறைக்குள் உலர்த்தாதீர்கள்.

சமையலறையில் இரண்டு விஷயம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் வாயகன்ற டப்பாவில் மாற்றி வையுங்கள். இட்லி மாவு இங்கே ஒரே இரவில் பொங்காது. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு வைத்து மூடுங்கள். முந்தின நாள் மதியமே அரைத்துவிட்டால் நல்லது. மூடுபனியில் ரயில் சில மணி நேரம் தாமதமாக வந்தாலும், அவர்கள் கைகால் கழுவிவிட்டு உட்காரும்போது சூடாக இட்லி எடுத்து வைக்கலாம்.