விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர்: பாளையங்கோட்டையைச் சேர்ந்த குழந்தைகள் பல் மருத்துவர்

கேள்வி: என் பேரனுக்கு 3 வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் பால் புட்டி வாயில் இருந்தால்தான் தூங்குவான். சீனி கெடுதல் என்று பனங்கற்கண்டுதான் போடுகிறேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பாகி ஓரம் உதிர்கின்றன. கீழ்ப்பற்கள் நன்றாக இருக்கின்றன. எப்படியும் விழுந்து முளைக்கிற பற்கள்தானே, வைத்தியம் தேவையா? (ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: தேவை அம்மா, இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

கீழ்ப்பற்கள் தப்பியதிலிருந்தே காரணம் தெரிகிறது. புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும். அங்கே உமிழ்நீரும் ஊறும். பால் தேங்குவது மேல் முன்பற்களில்தான். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைவதால் அது கழுவப்படுவதில்லை. வாயில் உள்ள கிருமிகள் அந்த இனிப்பை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலை அரிக்கிறது.

பனங்கற்கண்டு பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நானும் உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவள். ஆனால் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் கருப்பட்டியிலும் பனங்கற்கண்டிலும் பெரும்பகுதி. பல்லை அரிக்கும் கிருமிக்கு இவற்றில் வேற்றுமை கிடையாது. அன்பினால் செய்தீர்கள், இதற்காக வீட்டில் யாரும் யார் மீதும் பழி போட வேண்டாம்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் கற்கண்டை நிறுத்துங்கள். பிறகு பாலில் சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பாலை இரவுச் சாப்பாட்டோடு தம்ளரில் கொடுத்து, பல் தேய்த்துவிட்ட பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். அழத்தான் செய்வான். மனம் இளகிவிடாதீர்கள்.

முன்பற்கள் விழ 6, 7 வயதாகும். கடைவாய்ப் பால்பற்களோ 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை வேருக்குப் போய்ச் சீழ் வைத்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் பாதிக்கப்படலாம். கடைவாய்ப் பால்பல்லைச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து புதுப்பல்லின் இடத்தை அடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பல்வலியில் பிள்ளை சரியாகச் சாப்பிடவும் மாட்டான், தூங்கவும் மாட்டான். அதை நினைத்தால் ‘விழப்போகிற பல்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊசிக்குப் பயப்பட வேண்டாம். சொத்தை மேலும் பரவாமல் தடுக்கப் பூசும் வெள்ளி மருந்து ஒன்று உண்டு, ஊசியே இல்லை. பூசிய இடம் கறுத்துவிடும் என்பதுதான் அதன் குறை. பல்லின் நிலையைப் பார்த்து, அடைப்பதா, உறை போடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் மேலுதட்டை அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்த நிலையில் ஃப்ளோரைடு பூச்சிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது இதற்காகத்தான்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. இன்னும் ஒரு பல்கூட விழவில்லை. கடைவாயில் ஒரு பல் குழி விழுந்திருக்கிறது. பால்பல்தானே? (ஒரு வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: வரிசையின் கடைசிப் பல் என்றால், அது பெரும்பாலும் நிலைப்பல். 6 வயதையொட்டிப் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் பல வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். உடனே அடைத்துவிடுங்கள். மற்ற மூன்று மூலைகளிலும் அதே பல் முளைத்திருந்தால், அவற்றின் பள்ளங்களைச் சொத்தை வருமுன் பூசி மூடிவிடலாம், கேளுங்கள்.

இனிப்பே கூடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லை டவுனுக்கு வந்துவிட்டு அல்வா வாங்கித் தராமல் போக முடியுமா? கொடுங்கள், சாப்பாட்டோடு சேர்த்து. எவ்வளவு தின்கிறாள் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறாள் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒரு மிட்டாயை அரை மணி நேரம் அதக்குவதுதான் பெரிய கெடுதல்.

கேள்வி: பிள்ளைகளுக்கு உமிக்கரி, உப்பு போதாதா? (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: போதாது. கரி எனாமலைத் தேய்க்கும். முதல் பல் முளைத்தது முதலே ஃப்ளோரைடு பற்பசை பயன்படுத்தலாம். 3 வயது வரை ஓர் அரிசி அளவு, பிறகு 6 வயது வரை பட்டாணி அளவு. காலையும் இரவும் தேயுங்கள். நுரையைத் துப்பினால் போதும். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும்.